சூடானதும் ஆயில் பிரஷர் விழுகிறது: எம்எம் 540

கோத்தகிரியில் வீட்டு ஷெட்டிலேயே அப்பாவின் 1990 மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் இன்ஜினைப் பிரித்துக் கட்டினேன். பெஜோ எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி டீசல். மூன்று மாத வேலை. போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது மெயின், பிக் எண்ட் பேரிங்குகள், கூடுதலாக ஓர் ஆயில் கூலர். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் பிரஷர் 3.5 கிலோ. கேரட் மூட்டை ஏற்றி அரை மணி நேரம் மேடேறி வந்தால் ஐடிலிங்கில் 0.4. தட்டும் சத்தம் இல்லை. ஆனாலும் ஓட்ட மனசு வரவில்லை.

கேஜை மாற்றிப் பார்த்துவிட்டேன். ஆயிலை 15டபிள்யூ40-இலிருந்து இன்னும் கெட்டியான 20டபிள்யூ50 ஆக்கினேன். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங், அப்புறம் பம்ப்பே புதிது. கூலரைக் கழற்றியும் அதேதான். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட் மட்டும் பழையது.

தேய்ந்த ராக்கர் ஷாஃப்ட்டால் பிரஷர் இவ்வளவு விழுமா, இல்லை கிராங்கை இறக்கி பேரிங் இடைவெளியைத்தான் மறுபடி அளக்க வேண்டுமா?