போக்கர் ஃபேன்டஸி லீக்: ஏலத்தில் பெரிய பெயர்களுக்குச் செலவிடலாமா?

கேள்வி: அல்சூர் ஏரிக்கரை

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து, லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் தொடரை வைத்து, எங்களுக்குள்ளேயே ஒரு ஃபேன்டஸி லீக் (நிஜ ஆட்டக்காரர்களை அணியில் எடுத்து, அவர்களின் முடிவுகளுக்குப் புள்ளி சேர்க்கும் போட்டி) நடத்த முடிவு செய்திருக்கிறோம். கிரிக்கெட் ஃபேன்டஸியில் எல்லாருக்கும் நல்ல பழக்கம் உண்டு. போக்கரில் மட்டும், இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு நோ லிமிட் ஹோல்டெம் என்ற பிரபலமான வகைக்கு அப்பால் எதுவும் தெரியாது.

போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு நடத்தும் லீக்கைப் பார்த்து விதிகளை எடுத்துக்கொண்டோம். அங்கே ஓர் அணிக்கு 25,000 டாலர் கட்டணம். அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. ஆனால் ஒவ்வோர் அணிக்கும் 200 அலகு கற்பனைப் பணம் கொடுத்து, ஏலத்தில் எட்டு ஆட்டக்காரர்களை எடுக்கச் சொல்லும் முறை பிடித்திருந்தது. வரும் ஞாயிறு மாலை எங்கள் குடியிருப்பின் மாடியில் ஏலம் நடக்கிறது.

என் குழப்பம் இதுதான். ஃபில் ஹெல்முத், ஃபில் ஐவி, நெக்ரானு போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்களில் ஒருவரையாவது, எழுபது எண்பது அலகு போனாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட வேண்டுமா, அல்லது எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்துச் செலவிட வேண்டுமா? தொடரின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்டுக்கு இரட்டைப் புள்ளி தரலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரிதானா? ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு, வெல்லும் அணிக்கு மொத்தமாகக் கொடுக்கலாம் என்ற யோசனையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஏழட்டை

தம்பி, ஏலத்துக்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த லீக்கில் புள்ளி தருவது புகழ் அல்ல. ஆறேழு வாரமும் வேகாஸிலேயே தங்கி, அதிகமான போட்டிகளில், அதிலும் ஆள் குறைந்த போட்டிகளில், உட்காரும் பொறுமைதான்.

நீங்கள் சொன்ன மூவரையே பார்ப்போம். ஹெல்முத் 17 பிரேஸ்லெட் (இந்தத் தொடரில் ஒரு போட்டியை வென்றவருக்குத் தரும் கைக்காப்பு) வென்றவர், அந்தச் சாதனையை இதுவரை யாரும் தொடவில்லை. ஆனால் அவை 1989 முதல் 2023 வரை பரவிக் கிடக்கின்றன. சராசரி போட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். ஐவி தமது பத்தாவது பிரேஸ்லெட்டை 2014-இலும் பதினோராவதை 2024-இலும் வென்றார். நெக்ரானுவுக்கு 2013-க்குப் பிறகு அடுத்தது 2024-இல்தான் கிடைத்தது. உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கோடையின் புள்ளிகள்; வாழ்நாள் சாதனைக்கு விலை கொடுத்தால் ஏலத்திலேயே தோற்றுவிடுவீர்கள். இருந்தாலும் நெக்ரானுவை மற்ற இருவரோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன், ஏனென்றால் அவர் ஏறக்குறைய எல்லா வகை ஆட்டத்திலும் உட்காருபவர். பிரேஸ்லெட் இல்லாத ஆண்டிலும் பரிசுப் பட்டியலிலும், கடைசியாக மிஞ்சும் சிலர் ஆடும் இறுதி மேசைகளிலும் அவர் பெயர் தட்டுப்படும்.

இப்போது போட்டிகளின் அளவைக் கவனியுங்கள். 2019-இல் 500 டாலர் கட்டணத்தில் நடந்த பிக் 50 போட்டியில் 28,371 பதிவுகள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பெரிய ஆட்டக்காரரும் குலுக்கலில் ஒரு சீட்டு மாதிரிதான். மறுபுறம், 10,000 டாலர் கட்டணத்தில் நடக்கும் ஸ்டட், ராஸ், டூ டு செவன் போன்ற, ஹோல்டெம் அல்லாத போக்கர் வகைகளின் சாம்பியன்ஷிப்புகளில் கூட்டம் பெரும்பாலும் நூறு, இருநூறு பேரைச் சுற்றியே இருக்கும். அங்கே திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான் தென்படும். 2024-இல் ஸ்காட் சீவர் ஒரே கோடையில் மூன்று பிரேஸ்லெட் வென்று அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். மூன்றில் ஒன்றுகூட ஹோல்டெம் இல்லை. 2025-இல் பென்னி கிளேசர் மூன்று வென்றதும் பல வகைகள் மாறி மாறி வரும் கலப்பு ஆட்டங்களில்தான். உங்கள் குழுவில் மற்றவர்களுக்கு ஹோல்டெம் மட்டுமே தெரியும் என்றீர்களே, அதுவே உங்களுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். ராஸ் ஆடுபவரின் பெயரை யாருமே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எட்டு, பத்து அலகில் வந்துவிடுவார்.

ஏலத்தில் நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். ஏலச்சீட்டில் அவசரக்காரன் முதல் மாதமே தள்ளி எடுத்து நஷ்டப்படுவதைப் போல, இங்கேயும் முதல் அரைமணி நேரத்தில்தான் பணம் கரையும். உங்கள் முறை வரும்போது நீங்கள் விரும்பாத ஒரு பெரிய பெயரை முதலில் ஏலத்துக்கு விடுங்கள். ஹெல்முத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டி அறுபது அலகை இழந்தால், பிற்பாதியில் அவர்களால் உங்களோடு போட்டியிட முடியாது. நான் பிரித்தால், மூன்று பேருக்குத் தலைக்கு நாற்பதைச் சுற்றி, அடுத்த மூவருக்கு இருபதைச் சுற்றி, கடைசி இருவருக்கு மிச்சம் மீதி என்று வைப்பேன். சமமாகப் பிரித்தால், உண்மையிலேயே முப்பது போட்டி ஆடக்கூடிய ஒருவரை எடுக்க உங்கள் கையில் பணம் இருக்காது.

இன்னொன்று. இந்திய ஆட்டக்காரர் சந்தோஷ் சுவர்ணா 2024-இல் 2,50,000 டாலர் கட்டணம் கொண்ட சூப்பர் ஹை ரோலர் போட்டியில் வென்று 54 லட்சம் டாலர் பரிசு பெற்றவர் என்பதால், நம் ஊர் ஏலத்தில் அவர் விலை பாசத்தினாலேயே ஏறும். அந்த உயர்கட்டணப் போட்டிகளில் கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் கோடை முழுவதும் அங்கே இருக்கப் போகிறாரா, சில போட்டிகளுக்கு மட்டும் வந்து போகிறாரா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

பதில்: ஜெயநகர் கணக்குப்பிள்ளை

ஏழட்டை ஐயா சொன்னதில் ஏலம் பற்றிய பகுதி முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் புள்ளிக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நண்பர்களுக்குள் நடக்கும் லீக்குகளில் சண்டை வருவது அங்கேதான்.

மெயின் ஈவென்டுக்கு இரட்டைப் புள்ளி வேண்டாம். 2023-இல் 10,043 பேர், 2024-இல் 10,112 பேர், 2025-இல் 9,735 பேர் ஆடிய போட்டி அது. ஜானி சான் 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டும் தொடர்ந்து வென்றதற்குப் பிறகு அப்படி அடுத்தடுத்து வென்றவர் யாரும் இல்லை. அதற்கு இரட்டைப் புள்ளி கொடுத்தால், ஏழு வாரக் கணக்கை ஒருவருடைய ஒரு நல்ல வாரம் புரட்டிப் போட்டுவிடும். 2025-இல் மைக்கேல் மிஸ்ராக்கி 50,000 டாலர் கட்டணம் கொண்ட பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியை நான்காவது முறையாக வென்று, அதே கோடையில் மெயின் ஈவென்டையும் வென்றார் என்பது மறுக்க முடியாத அதிசயம்தான். ஆனால் அதை எதிர்பார்த்து விதி எழுதக் கூடாது.

நேர வித்தியாசத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேகாஸ் கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும் போட்டி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அங்கே இரவு ஒரு மணிக்கு முடியும் இறுதி மேசை நமக்கு மதியம் ஒன்றரை, அதாவது அலுவலகச் சாப்பாட்டு நேரம். எக்செல் தாளில் தேதிக் கட்டத்தில் வேகாஸ் தேதியை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்துக்கொள்ளாவிட்டால், ஒரே முடிவை ஒருவர் செவ்வாயிலும் இன்னொருவர் புதனிலும் ஏற்றி, ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு முறை புள்ளி விழும்.

ஆன்லைனில் நடக்கும் பிரேஸ்லெட் போட்டிகள் கணக்கில் சேருமா, சேராதா என்பதையும் ஏலத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2019-இல் நெக்ரானு அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, ஓர் ஆன்லைன் போட்டியின் முடிவு அவர் பெயரில் தவறாகப் பதிவாகியிருந்தது தெரியவந்து, பட்டம் ராபர்ட் கேம்பெலுக்குப் போயிற்று. தொடரை நடத்துபவர்களுக்கே அப்படி நடந்திருக்கும்போது, நம் எக்செல் தாளை இரண்டு பேராவது தனித்தனியாகச் சரிபார்ப்பது நல்லது.

பதில்: சிவாஜிநகர் வக்கீல்

ஆயிரம் ரூபாய் யோசனையைக் கைவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. போக்கர் திறமைக்கான ஆட்டம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னதையும், ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க மாநில அரசு 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை அதே நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்துச் செய்ததையும் பலர் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த வாதத்தின் அடித்தளத்தையே எடுத்துவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பாராமல், பணமோ வேறு பணயமோ கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடும் எதையும் அது தடைசெய்கிறது.

ஆடுபவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாடியில் எட்டுப் பேர் கூடிப் பேசுவதை யாரும் தேடி வரப் போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பணத்தை யுபிஐயில் வசூலித்து, புள்ளிகளை வாட்ஸ்அப்பில் போட்டு, முடிவில் ஒருவருக்கு அனுப்பும்போது, நடத்துபவர் என்ற இடத்தில் நிற்பது நீங்கள்தான். பணம் இல்லாத லீக்குக்கு இந்தச் சிக்கல் எதுவுமே கிடையாது. ஒரு சுழற்கோப்பை வாங்கி வையுங்கள்; சிக்பேட்டையில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

மறுமொழி: அல்சூர் ஏரிக்கரை

மூவருக்கும் நன்றி. பணம் இல்லை, கோப்பை மட்டும் என்று குழுவில் அறிவித்துவிட்டேன், ஒருவர் விலகிக்கொண்டார். இரட்டைப் புள்ளிக்குப் பதிலாக, மெயின் ஈவென்டில் யார் அதிக தூரம் போவார் என்று ஒவ்வோர் அணியும் தன் எட்டுப் பேரில் ஒருவரைத் தனியாகக் குறித்துக்கொடுக்கும் துணைப்போட்டி ஒன்றை வைக்கிறோம். இன்னும் ஒரே கேள்வி: எடுத்த ஆட்டக்காரர் தொடருக்கே வராமல் போனால் மாற்று ஆள் அனுமதிக்கலாமா?

பதில்: ஏழட்டை

முதல் பிரேஸ்லெட் போட்டி தொடங்கும் நிமிடம் வரை அனுமதியுங்கள், அதுவும் ஏலத்தில் யாரும் எடுக்காதவர்களிலிருந்து மட்டும். அதற்குப் பிறகு அனுமதித்தால், முதல் வாரத்தில் புள்ளி எடுத்தவரைப் பார்த்து எல்லாரும் மாற்றக் கேட்பார்கள்.