ஜவுளிக்கடை ஃப்ளோரில் ஆள் தங்குவதில்லை: உட்கார இடம், ஷிப்ட், அபராதம் பற்றி ஒரு கேள்வி

இரண்டாம்மாடி கேட்டது:

சென்னையில் ஒரு தனியார் ஜவுளி நிறுவனத்தின் கிளையில் சேலைத் தளத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். தளத்தில் 24 பேர், அதில் 17 பேர் பெண்கள். சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய். வேலை நேரம் காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. மடித்து அடுக்கிவிட்டுப் படி இறங்க 10.15 ஆகிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு.

எனக்கு முன்பிருந்தே உள்ள விதிகள்: யாரும் உட்காரக் கூடாது. பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். சேலை குறைந்தால் அதன் விலையை அந்தக் கவுண்டரில் உள்ள எல்லோரும் பிரித்துக் கட்ட வேண்டும். முதல் மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, ஒரு வருடம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். தீபாவளிக்கு முன் புது ஆள் எடுத்துப் பழக்குவது பெரும்பாடு. பட்டுக்கும் செமி பட்டுக்கும் வித்தியாசம் சொல்லவே ஒருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். கணக்கோடு எழுதிக் கொண்டுவந்தால் பார்ப்போம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். எதை முதலில் மாற்றுவது?

---

பதில் 1: மணிக்கணக்கு

முதலில் நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். 9.30 முதல் 10.15 வரை 12 மணி 45 நிமிடம். அரை மணி சாப்பாட்டைக் கழித்தால் 12 மணி 15 நிமிட வேலை. ஆறு நாளுக்கு 73.5 மணி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 அனுமதிப்பது நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தான் எல்லை. இடைவேளையையும் சேர்த்து, வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை 12 மணியைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். உங்கள் தளம் இதில் ஒவ்வொன்றையும் மீறுகிறது.

முதலாளிக்கு இப்படிக் காட்டுங்கள். 14,000-ஐ 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 67 ரூபாய் 31 காசு. ஓவர்டைம் இரட்டிப்பு, 134 ரூபாய் 62 காசு. வாரத்துக்கு 25.5 மணி கூடுதல் என்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 3,430 ரூபாய். 24 பேருக்கு வாரம் 82,000 ரூபாய்க்கு மேல். கொடுக்காமல் விட்ட இந்தத் தொகை நிறுவனத்தின் மேல் கடனாக ஏறிக்கொண்டே இருக்கிறது. யாராவது ஒருவர் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தால் அன்றைக்கே வெளியே வரும்.

இதற்கு வழி இரண்டு ஷிப்ட். முதல் அணி 9.30 – 6.30, இரண்டாம் அணி 12.30 – 9.30. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வர வேண்டுமென்றால் வார விடுப்பை மற்ற ஆறு நாளுக்கும் பிரியுங்கள். நாளுக்கு நான்கு பேர் விடுப்பு, 20 பேர் தளத்தில். காலையில் கூட்டம் குறைவு, அதனால் முதல் அணிக்கு 8 பேர், இரண்டாம் அணிக்கு 12 பேர். மதியம் 12.30 முதல் 6.30 வரை இரண்டு அணியும் சேர்ந்து இருக்கும்.

இடைவேளையில்தான் பெரும்பாலான அட்டவணைகள் சறுக்கும். 9.30-க்கு வந்தவர் 1.30-க்குள் சாப்பிடப் போயாக வேண்டும். ஆகவே முதல் அணியில் நான்கு பேர் 12.30-க்கு, நான்கு பேர் 1.30-க்கு. இரண்டாம் அணியில் ஆறு பேர் 3.30-க்கு, ஆறு பேர் 4.30-க்கு. 5.30-க்கு எல்லோரும் கவுண்டரில் இருப்பார்கள், மாலைக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். 2.30 முதல் 3.30 வரை இடைவேளையே இல்லை. கணக்கு சரிபார்ப்பது, புதுச் சரக்கை ரேக்கில் ஏற்றுவது எல்லாம் அந்த ஒரு மணியில்.

பண்டிகை வாரங்களில் முதல் அணியை 8.30 வரை நிறுத்தலாம். நாளுக்கு இரண்டு மணி, வாரத்துக்கு மூன்று நாள். அதோடு 54 மணி முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள்தான் எடுக்க வேண்டும்.

மடிப்பு நேரமும் வேலை நேரம்தான். 9.30-க்கு ஷட்டர் இறங்கி, 9.31-லிருந்து மடிப்பது ஊழியரின் சொந்த நேரம் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் ஊறிப்போன தவறு.

---

பதில் 2: பிடித்தம்_பதிவேடு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் வருடம் முழுதும் திறந்திருக்க அரசு கொடுத்த அனுமதியில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த வேண்டுமானால் அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் நிபந்தனை. உங்கள் தளத்தில் 17 பேர் பெண்கள். இரண்டாம் ஷிப்டுக்கு யார் வர முடியும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அது ஒப்புதல் ஆகாது. கடை விடுதியில் தங்குபவர்களுக்கு வேன் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டிப் போகிறவரை 9.30 வரை நிறுத்தினால், அவர் வீடு சேரும் வரை பொறுப்பு உங்களுடையது.

இனி பிடித்தங்கள்.

தாமதம்: வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தை மட்டும்தான் பிடிக்கலாம். 14,000 சம்பளத்தில் பத்து நிமிடத்துக்கு 11 ரூபாய் சொச்சம். நீங்கள் பிடிப்பது 269 ரூபாய். மீதி 258 ரூபாய்க்கு எந்த ஆதாரமும் கிடையாது.

அபராதம்: ஒரு மாதத்தில் எல்லா அபராதமும் சேர்ந்து சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 420 ரூபாய். எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்ற பட்டியல் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று ஊழியர் பார்வையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். 90 நாள் கழித்துப் பிடிக்கக் கூடாது, தவணையாகவும் கூடாது. வசூலான பணம் முதலாளியின் வரவு அல்ல. தனிப் பதிவேட்டில் ஏற்றி ஊழியர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும்.

சேலை குறைந்தால்: அந்தப் பொருள் ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய கவனக்குறைவால்தான் போனது என்று காட்டினால் மட்டுமே பிடித்தம், அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு. கவுண்டரில் ஆறு பேர் நின்றார்கள், ஆறாகப் பிரி என்பது செல்லாது.

முதல் மாதச் சம்பளத்தை நிறுத்துவது: இதை நாளைக்கே கைவிடச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலை வாங்கி அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் போதும்.

போனஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்குள் அது இருக்கிறது. கணக்கு ஆண்டில் 30 வேலை நாள் முடித்தவருக்கு, சம்பளம் அரசு நிர்ணயித்த வரம்புக்குள் இருந்தால் (பழைய போனஸ் சட்டத்தில் 21,000 ரூபாய்), குறைந்தது 8.33 விழுக்காடு உண்டு. தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டவருக்கும் அவர் உழைத்த காலத்துக்குச் சேர வேண்டியது சேரும். நின்றவருக்குப் போனஸ் கிடையாது என்று பயம் காட்டி ஆளைப் பிடித்து வைத்தால், தீபாவளிக்கு மறுநாள் மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு. 10 பேர் இருந்தாலே கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், பாதிப்பேராவது பெண்களாக, ஒருவர் வெளியாளாக. இரவு வாசலில் பை சோதனை, உடல் சோதனை நடக்கிறதல்லவா? பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும், மறைப்புக்குள்ளே. அங்கிருந்துதான் பாதிப் புகார்கள் கிளம்புகின்றன.

---

பதில் 3: பட்டுக்கவுண்டர்

சார், உட்காருறதப் பத்தி நான் சொல்றேன். 2021-ல தமிழ்நாட்டுக் கடைச் சட்டத்துல 22-ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. கேரளாவுல 2018-லயே வந்துடுச்சு. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். சட்டம் அவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் ஸ்டூல் வாங்கினதுக்கு அப்புறம்தான்.

கவுண்டர் உயரத்த முதல்ல அளங்க. 36 அங்குலம்னா சாதாரண 18 அங்குல ஸ்டூல் ஆகாது. உட்கார்ந்தா கஸ்டமருக்கு உச்சந்தலைதான் தெரியும், எழுந்து எழுந்து உட்காரணும், முட்டி போயிடும். 24-லிருந்து 26 அங்குலம் வேணும். கால் வைக்கத் தரையிலிருந்து 8, 9 அங்குலத்துல குறுக்குக் கம்பி. கம்பி இல்லாத உயர ஸ்டூல்ல கால் தொங்கும், தொடை மரத்துப்போகும், பத்து நிமிஷத்துல அவங்களே எழுந்து நின்னுடுவாங்க. "பாருங்க, கொடுத்தாலும் உட்கார மாட்டேங்குறாங்க"ன்னு மேல சொல்லிடுவாங்க.

கவுண்டருக்கும் ரேக்குக்கும் நடுவுல சந்து எவ்வளவு? 30 அங்குலம்னா 12 அங்குல அகல ஸ்டூல கவுண்டருக்கு அடியில தள்ள முடியுமான்னு பாருங்க. அடியில அலமாரி இருந்தா கவுண்டர் உள்பக்கத்துல மடக்கு இருக்கை அடிச்சிடலாம். சந்துல கிடக்குற ஸ்டூல்மேல ரெண்டே நாள்ல சேலைக் கட்டு ஏறிடும்.

எண்ணிக்கை ரொம்ப முக்கியம். மூணு பேருக்கு ஒண்ணுன்னு வாங்கினா யாரும் உட்கார மாட்டாங்க. புதுசா வந்த பிள்ள மூத்தவங்க நிக்கும்போது உட்காருமா? ஆளுக்கு ஒண்ணு போடுங்க.

அப்புறம் சிசிடிவி. கேமரா ரூம்ல இருந்து மைக்ல "மூணாம் நம்பர் கவுண்டர், எழுந்திரிங்க"ன்னு ஒரு தடவ குரல் வந்தா போதும், அந்தத் தளத்துல அப்புறம் ஸ்டூல் இருந்தும் இல்லாத மாதிரிதான். கேமரா பார்க்குறவர், சூப்பர்வைசர், வாசல் செக்யூரிட்டி எல்லாருக்கும் எழுத்துல கொடுங்க: கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம், பில் எழுதும்போது உட்காரலாம், மடிக்கும்போது உட்காரலாம். அதோட நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க. முதல் வாரம் அதப் பார்த்துத்தான் நம்புவாங்க.

தரை கிரானைட்டா, டைல்ஸா? ரெண்டும் கல்லுதான். பத்து மணி நேரம் நின்னா குதிகால் பிடிச்சுக்கும், கணுக்கால் வீங்கும், வருஷக்கணக்குல நின்னா பின்னங்கால்ல நரம்பு சுருண்டு நீலமா தெரியும். பில் போடுற இடத்துலயும் கவுண்டர் சந்துலயும் அரை அங்குல கனத்துல ரப்பர் பாய் போடுங்க. விளிம்பு சரிவா இருக்கணும், இல்லன்னா சேலைத் தலைப்பு தடுக்கி விழுவாங்க.

கழிப்பறை எந்த மாடியில சார்? மொட்டை மாடியில இருந்து, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்னா, போய்வரவே பத்து நிமிஷம். அதுக்கு டோக்கன், நோட்டுல கையெழுத்துன்னு வெச்சா பொண்ணுங்க காலையிலேயே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவாங்க. நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு, அதுக்கும் பிடித்தம். டோக்கன எடுத்துடுங்க. லிஃப்ட்ட திறந்து விடுங்க. நாப்கின் போட மூடி வெச்ச தொட்டியும் வேணும்.

---

இரண்டாம்மாடி:

மூவருக்கும் நன்றி. அரை நாள் பிடித்தத்தையும் டோக்கனையும் இந்த வாரமே நிறுத்துகிறேன். முதலாளியிடமிருந்து இரண்டு கேள்வி வரும். உட்கார்ந்துகொண்டு சேலை காட்டினால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டாரா? கூட்டுப் பிடித்தம் இல்லையென்றால் சேலை காணாமல் போவதை எப்படித் தடுப்பது?

---

பதில் 4: ரேக்_எண்ணிக்கை

முதல் கேள்விக்கு: வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் கடைக்காரர் உட்கார்ந்து, எதிரே குடும்பமே உட்கார்ந்துதான் முகூர்த்தப் பட்டு எடுத்தது. கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகுதான் நிற்பது மரியாதை ஆனது. வாடிக்கையாளருக்கும் இரண்டு நாற்காலி போடுங்கள், இருவரும் ஒரே உயரத்தில் இருந்தால் யாருக்கும் குறையாகத் தெரியாது.

இரண்டாவதுக்கு: சேலை போவது ரேக்கிலிருந்து அல்ல, குவியலிலிருந்து. ஒரு குடும்பத்துக்கு முப்பது சேலை பிரித்துப் போட்டு, அது மடிபடாமல் கிடக்கும்போதே அடுத்த குடும்பம் வந்து நிற்கும். அந்த மலையில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு கவுண்டரில் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் பிரித்திருக்கக் கூடாது என்று வையுங்கள். காட்டுபவருக்குப் பக்கத்தில் மடிப்பவர் ஒருவர், அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்ளட்டும். ஐந்தரை மீட்டர் சேலையை இருவர் பிடித்து மடித்தால் ஒரு நிமிடம் கூட ஆகாது. தனியாளாக இரவில் மடித்தால் ஜரிகைக் கரை கோணும், மடிப்புத் தடம் மாறி விழும், மறுநாள் காட்டும்போது பழையது போலத் தெரியும். இரவு 10.15 ஆவதற்கும் இந்தக் குவியல்தான் காரணம்.

எண்ணிக்கையை விலை பார்த்துப் பிரியுங்கள். பட்டு ரேக்குகள் தினமும் இரண்டு முறை, இரண்டு அணியும் தளத்தில் இருக்கும் அந்த 2.30 – 3.30-லும் மூடும் முன்னும், மதியம் எண்ணும்போது இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்தோடு. செமி பட்டு வாரம் ஒரு முறை, காட்டன் மாதம் ஒரு முறை. குறைவு எந்த ரேக்கில், எந்த ஆறு மணி நேரத்துக்குள் என்று தெரிந்தால் கேமராப் பதிவைப் பார்க்க முடியும். இப்போது வருடக் கடைசிக் கணக்கில்தான் குறை தெரிகிறது, அதனால்தான் எல்லோர் தலையிலும் போடுகிறார்கள்.

கமிஷனையும் ஒரு பார்வை பாருங்கள். பீஸுக்கு இவ்வளவு என்று முழுவதும் தனியாள் கணக்கில் இருந்தால், மடிக்க ஒருவரும் வரமாட்டார்கள், 600 ரூபாய் காட்டன் கேட்டு வருபவரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதியைத் தனியாளுக்கும் பாதியைக் கவுண்டருக்குப் பொதுவாகவும் வைத்துப் பாருங்கள். பில்லில் யார் எண் ஏறியது என்பதைத் தினமும் இரவு ஒட்டிவிடுங்கள். மாற்றிக்கொள்ள வரும் சேலைக்குக் கழிப்பதானால் அந்தப் பில் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

---

பட்டுக்கவுண்டர்:

பத்து சேலைங்கிற கணக்கு முகூர்த்த நாள்ல நிக்காது. கல்யாண வீட்டுக்காரங்க இருபது பேரா வருவாங்க. அன்னிக்கு மட்டும் அவங்களத் தனி மேஜைக்குக் கூட்டிட்டுப் போய், அதுக்குன்னு ரெண்டு பேர் விட்டுடுங்க சார். மத்த கவுண்டர் குழம்பாது.