தெர்மல் ரிசல்ட்டை ஸ்ட்ரக்சுரலில் போட்டால் ஸ்ட்ரெஸ் எகிறுகிறது, அவசரம்

குன்றக்குடியான்: ரிவியூ நெருங்கிவிட்டது. அரிசி ஆலை ஸ்டீம் பைப்பை அன்சிஸ் என்கிற சிமுலேஷன் சாஃப்ட்வேரில் தெர்மல் (சூட்டுக் கணக்கு) ஓட்டி, அந்த டெம்பரேச்சரை ஸ்ட்ரக்சுரலுக்கு (ஸ்ட்ரெஸ் கணக்கு) இறக்கினேன். ஸ்ட்ரெஸ் நடுவில் 380 எம்பிஏ (மெகாபாஸ்கல்), முனையில் 900ஐத் தாண்டுகிறது, இத்தனைக்கும் பிரஷர் இன்னும் கொடுக்கவே இல்லை. எங்கே தப்பு?

மெஷ்மாமா: மெஷ்தான், அதாவது கணக்குக்காகப் பைப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிற வலை. தெர்மலுக்கு ஒரு மெஷ், ஸ்ட்ரக்சுரலுக்கு வேறு மெஷ் என்றால் மேப்பிங் சொதப்பும். இறக்கிய டெம்பரேச்சரை பிளாட் போட்டு தெர்மல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செக்காலை: என்ன மெட்டீரியல், எத்தனை டிகிரி, சப்போர்ட் எங்கே? எதையும் சொல்லாவிட்டால் ஜோசியரைத்தான் கேட்க வேண்டும்.

குன்றக்குடியான்: மைல்ட் ஸ்டீல், 180 டிகிரி. டெம்பரேச்சர் பிளாட் சரியாக இருக்கிறது. ரெண்டு முனையும் ஃபிக்ஸட்.

பழையகை: இரண்டாம் வருஷப் பாடம் தம்பி, சாஃப்ட்வேரைத் திறக்குமுன் பேப்பரில் ஒரு பெருக்கல் போடக் கூடாதா? ஸ்டீலின் விறைப்பு 200 ஜிபிஏ (2,00,000 எம்பிஏ), டிகிரிக்கு 0.000012 விரிவு, 22லிருந்து 180 வரை 158 டிகிரி ஏற்றம். பெருக்கினால் 379 எம்பிஏ. விரிய விடாமல் பிடித்தது நீங்கள்தான். மைல்ட் ஸ்டீல் 250லேயே யீல்டு ஆகிவிடும் (பழைய வடிவத்துக்குத் திரும்பாது), அதனால்தான் நிஜ லைனில் விரிவுக்கு இடம் கொடுக்க லூப்போ (வளைத்து விட்ட பைப்) பெல்லோஸோ (மடிப்புக் குழாய்) வைக்கிறார்கள்.

செக்காலை: அந்த 22 டீஃபால்ட் ரெஃபரன்ஸ், பைப்பில் ஸ்ட்ரெஸ் இல்லாத ஆரம்பச் சூடு என்று சாஃப்ட்வேர் தானாக எடுத்துக்கொள்வது. காரைக்குடியில் 22 டிகிரியில் யார் வெல்டு அடிக்கிறார்கள்? 32 என்று மாற்றினாலே 24 எம்பிஏ குறையும்.

வளவுவீடு: கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு இரும்பு உத்திரம் ரெண்டு பக்கமும் சுவருக்குள் புதைந்துதான் இருக்கிறது, ஒரு வெடிப்பு கிடையாது. அதற்கு யார் பெல்லோஸ் வைத்தார்கள்?

பழையகை: நிழலில் கிடக்கிற உத்திரமும் ஸ்டீம் பைப்பும் ஒன்றா? சுண்ணாம்புச் சாந்து வேறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

வளவுவீடு: அதைத்தான் சொல்கிறேன். பின்கட்டில் சிமெண்ட் வைத்துப் பூசிய இடம் மட்டும் உத்திரத்தை ஒட்டியே பிளந்திருக்கிறது.

செக்காலை: அது சூட்டினால் இல்லை அண்ணே, இரும்பு துருப்பிடித்து ஊதுவதால். தட்டிப் பாருங்கள், பொருக்கு பொருக்காக உதிரும்.

வளவுவீடு: தட்டினால் சீலிங்கே வந்துவிடும், வேண்டாம்.

குன்றக்குடியான்: ஒரு முனையை நீளவாக்கில் நகர விட்டேன், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். நன்றி. ஃபிக்ஸட் முனை மட்டும் இன்னும் சிவப்பு.

செக்காலை: ஃபிக்ஸட் சப்போர்ட் பைப்பைக் குறுக்கேயும் பெருக்க விடாது. அந்த முனையில் நீளவாக்கை மட்டும் பிடியுங்கள், பைப் மிதக்காமல் இருக்க மற்ற திசைகளுக்கு ஓரிரு புள்ளி போதும். அப்படியே வைத்திருந்தால் மெஷ் துண்டின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள், எண் ஏறிக்கொண்டே போனால் அது நிஜ ஸ்ட்ரெஸ் இல்லை, அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். உங்கள் லைனில் லூப் இருக்கிறதா?

மெஷ்மாமா: நான் முதலிலேயே மெஷ் என்றேன்.

செக்காலை: தம்பி, லூப்?