மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டைக்கு மாறினால் மாநகராட்சி ஓட்டு எங்கே?

கேள்வி: மேற்கு மாம்பலத்தை விட்டு குரோம்பேட்டையில் வாடகைக்கு வந்துவிட்டோம். வாக்காளர் அட்டையில் பழைய முகவரிதான். வீட்டு ஓனர் "வாடகைக்காரங்களுக்கு இங்க ஓட்டு கிடையாது" என்கிறார். ஓட்டுக்காக மாம்பலம் போக வேண்டுமா? குப்பை, சாக்கடை என்று கேட்க வேண்டியது இந்த வார்டு கவுன்சிலரிடம்தானே!

ரயிலடி வாசி: ஓனர் சொல்வது தவறு. குடியிருந்தால் போதும், சொந்த வீடு தேவையில்லை. அப்புறம், குரோம்பேட்டை சென்னை மாநகராட்சி இல்லை. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. 70 வார்டுகள். உள்ளாட்சிக்கென்று தனியாகப் பெயர் சேர்க்க வேண்டாம். சட்டமன்றப் பட்டியலை வைத்தே வார்டு பட்டியல் தயாராகும். படிவம் 8 கொடுத்துப் பல்லாவரம் தொகுதிக்கு மாறிவிடுங்கள். படிவம் 6 புது வாக்காளருக்கு. அதைத் தொடாதீர்கள், இரண்டு இடத்தில் பெயர் வந்தால் வம்பு.

கேள்வி கேட்டவர்: சரி, முகவரிச் சான்றாகக் காட்ட ஈபி பில் ஓனர் பெயரில் இருக்கிறதே?

மாடிவீட்டு அக்கா: பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், புது முகவரியோடு ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக், ஏதாவது ஒன்று போதும். ஆன்லைனிலேயே போடலாம். சந்தேகம் வந்தால் வாக்காளர் உதவி எண் 1950க்கு போன் பண்ணுங்க. தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீங்க.