வீட்டிலேயே சர்வீஸ் செய்த பிறகு பைக் ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தண்டையார்பேட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது கார்ப்பரேட்டர் உள்ள பழைய 100 சிசி பைக். சனிக்கிழமை இரவு வரை ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வண்டி, ஞாயிறு காலை வீட்டு வாசலில் வைத்து வழக்கமான பராமரிப்பைச் செய்து முடித்ததிலிருந்து ஸ்டார்ட் ஆகவே இல்லை. எஞ்சின் ஆயிலை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். கரித்தூசி அப்பியிருந்த ஏர் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்துத் திரும்பப் பொருத்தினேன். கடைசியாக வண்டி முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். கார்ப்பரேட்டரைத் தொடவில்லை.

கிக்கரை மிதிக்கும்போது வழக்கமான அழுத்தம் காலுக்குத் தெரிகிறது. ஹார்னும் விளக்கும் சரியாக இருக்கின்றன. சோக் போட்டும் போடாமலும் மிதித்துப் பார்த்ததில், சைலன்சரிலிருந்து பெட்ரோல் வாடை மட்டும் வருகிறது. சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கார்ப்பரேட்டரை இறக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று தொலைபேசியிலேயே முடிவு சொல்லிவிட்டார் எங்கள் தெரு மெக்கானிக். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை என்பதால், இரவு நேரத்தில் வண்டி இல்லாமல் போய்வருவது சிரமமாக இருக்கிறது. செலவு செய்யும் முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெரம்பூர் லோகோ:

சிடிஐ ஒரே இரவில் கெடாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதுதான். ஆனாலும் முந்தின நாள் வரை நன்றாக ஓடிய வண்டியில், நீங்கள் கை வைத்த இடங்களைப் பார்த்து முடிக்காமல் கை வைக்காத பாகத்தின் மீது சந்தேகப்படுவது வீண் செலவுக்குத்தான் வழிவகுக்கும். பெட்ரோல் வாடை வருவதால் எரிபொருள் சிலிண்டர் வரை போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்; எனவே கார்ப்பரேட்டரை இப்போது இறக்க வேண்டாம். சரியான அளவில் ஊற்றிய ஆயிலும் ஸ்டார்ட் ஆவதைத் தடுக்காது. மீதியிருப்பவை பிளக், ஃபில்டர், தண்ணீர் ஆகிய மூன்றுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றி அதன் முனை ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் என்றால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பிறகு பிளக்கைத் துடைத்து, வயர் முனையில் உள்ள கேப்பில் (மூடியில்) செருகி, அதன் மரைப் பகுதி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு, சாவியைப் போட்டுக் கிக்கரை மிதியுங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் சிடிஐயும், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலும் நலமாக உள்ளன. மஞ்சளாக மங்கித் தெரிந்தால் பிளக்கையோ கேப்பையோ சந்தேகிக்கலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே தெறிக்கும் என்பதால் பிளக்கைத் துளைக்கு அருகில் வைக்கக்கூடாது, கையிலும் பிடிக்கக்கூடாது. பிளக்கை எங்கும் படாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு மிதிப்பதும் காயிலுக்கும் சிடிஐக்கும் கேடு.

உப்புத்தாளின் மணல் துகள்கள் பிளக்கின் பீங்கானுக்கும் உலோகத்துக்கும் இடையே தங்கிவிடுவதுண்டு. தேய்க்கும்போது இடைவெளியும் மாறியிருக்கலாம். இந்த வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை சொல்வார்கள், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. உண்மையில், பிளக் விற்கும் விலைக்கு அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதே தேவையற்ற வேலை என்பது என் கருத்து.

புதுவண்ணை:

பிளக் கேப்பின் உள்ளே ஈரம் நிற்கிறதா என்று அவசியம் பாருங்கள். கடலோரத்து உப்புக்காற்றில், காயிலிலிருந்து பிளக் கேப்புக்கு வரும் தடித்த எச்டி வயரின் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால், ஒரு முறை தண்ணீர் பட்டாலே பொறி பலவீனமாகிவிடும். கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிட்டு மீண்டும் திருகினால் போதும்.

எண்ணூர்க்காரர்:

பொறியைச் சோதிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இங்கே குற்றவாளியாகத் தெரிவது மண்ணெண்ணெயில் அலசிய ஏர் ஃபில்டர்தான். அது ஸ்பாஞ்ச் வகையா, காகித வகையா என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்பாஞ்சை அலசிப் பிழிந்து, கையேடு சொல்லும்படி ஆயில் தடவிப் பொருத்தலாம். காகிதத்தை அலசவே கூடாது. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல விரைவில் ஆவியாவதில்லை. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் மடிப்புகளுக்குள் ஊறியே கிடக்கும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஊறிய காகிதம் காற்றை அடைக்கும்போது, சோக்கை நிரந்தரமாக இழுத்துவைத்தது போன்ற நிலை உண்டாகி, ஒவ்வொரு கிக்கிலும் தேவைக்கு மேல் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுப் பிளக் நனைந்துவிடுகிறது. அதற்கு மேல் சோக்கும் போட்டு மிதித்தால் கேட்கவே வேண்டாம்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றிக் கேப்போடு சேர்த்து உலோகத்தில் பட வைத்து, சாவியை அணைத்த நிலையில், ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்துப் பலமுறை மிதியுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிறகு ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பொருத்தி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். இது சில விநாடிச் சோதனை மட்டுமே.

தண்டையார்பேட்டை வாசி:

இருவரும் சொன்னபடி செய்தேன். பிளக் கறுத்து நனைந்திருந்தது. துடைத்துச் சோதித்தபோது பொறி நீலமாகவே வந்தது. கேப்பில் ஈரம் இல்லை. ஃபில்டரை எடுத்துவிட்டு மிதித்ததும், கொஞ்சம் கரும்புகை விட்டு வண்டி ஸ்டார்ட் ஆகி ஐடிலிங்கில் நின்றது. அதே ஃபில்டரை வைத்தவுடன் திணறி அணைந்தது. அது காகித வகைதான். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை இன்னும் வீசுகிறது. ஸ்பேர்ஸ் கடை நாளைதான் திறக்கும். இன்றிரவு ஷிப்டுக்கு மட்டும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிச் செல்லலாமா?

எண்ணூர்க்காரர்:

வேண்டாம். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எவ்வளவு புழுதி பறக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல. அது நேரே சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்குகளைத் தேய்த்துவிடும். இன்றிரவு பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ போய்விடுங்கள். நாளை புதிய ஃபில்டரைப் போடும்போது பெட்டி மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரம்பூர் லோகோ:

ஓட்டத் தொடங்கும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். இத்தனை முறை மிதித்ததில் எரியாத பெட்ரோல் ரிங்குகளின் வழியே கீழே இறங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, நீங்கள் ஊற்றிய மட்டத்தைவிட உயர்ந்திருந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய புது ஆயிலாயிற்றே என்று பார்க்காமல் வடித்துவிட்டு மாற்றிவிடுங்கள்.