மாட்டு ரத்தப் பரிசோதனை: தீவனக் குறை தெரிந்ததும், தவறாகத் தெரிந்ததும்

கொங்குக்கறவை:
ஜெர்சி கலப்பு, ஈன்று 12ஆம் நாள், 14 லிட்டர் கறவை. ரிப்போர்ட்டில் கால்சியம் 1.1 (மி.கி./டெ.லி.). மாடோ நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. 5க்குக் கீழே போனாலே பால் சுரத்தில் (ஈன்றதும் கால்சியம் இறங்கி வரும் நோய்) கழுத்தை விலாவில் மடக்கிப் படுத்துவிடும், 1.1 என்றால் உயிரே இருக்காது. அடுத்த வரியில் பொட்டாசியமோ எக்கச்சக்கம், 19. அங்கேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும்: ஊதா மூடிக் குழாய். அதிலிருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ ரத்தம் உறையாமலிருக்கக் கால்சியத்தைத்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுத்தபோது 8.9, சரியான அளவு. இன்னும் உறுத்துவது இதுதான்: அதற்குள் 450 மி.லி. கால்சியம் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டு, கழுத்து நரம்பில் ஊசியும் குத்தியாகிவிட்டது. குறையே இல்லாத மாட்டுக்கு அது வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

திப்பிக்காரன்:
குழாய் சரியா இருந்தாலும் கால்சியத்தை வச்சுத் தீவனத்தை எடை போட முடியாதுண்ணா. தீவனத்துல குறைஞ்சா எலும்புல இருந்து எடுத்து ரத்தத்தைச் சரிக்கட்டிடும். ஈன்ன முதல் ரெண்டு நாள்தான் அந்த அளவு ஏதாவது சொல்லும். தீவனத்துல புரதம் போதுதான்னு காட்டிக்கொடுக்கறது ரத்தத்துல இருக்கற யூரியா.

சேலம் பக்கம் ஒரு பட்டி. மாட்டுக்கு தினம் 12 கிலோ ஈர மரவள்ளித் திப்பி (கிழங்குல மாவெடுத்த பிறகு மிஞ்சற சக்கை), வைக்கோல், கொஞ்சம் சோளத்தட்டு. பால் ரெண்டு லிட்டர் இறங்கிருச்சு, சாணி வறட்டி மாதிரி கெட்டி. ஏழு மாட்டுல ஆறுக்கு யூரியா 13 முதல் 17. மனுஷங்க லேப், தாள்ல 15–40 நார்மல்னு அச்சடிச்சிருக்கு, அதனால பாதி மாடு "நார்மல்". லேப் தர்றது முழு யூரியா. மாட்டுக்கு நாம பார்க்கற 10–20 கணக்கு யூரியா நைட்ரஜன், அதாவது யூரியாவுல இருக்கற நைட்ரஜன் மட்டும். 2.14ஆல வகுக்கணும். 15ஐ வகுத்தா 7. வயித்துல இருக்கற நுண்ணுயிருக்குப் புரதமே போகலைன்னு அர்த்தம். திப்பியில மாவும் நாரும்தானே இருக்கு, புரதம் ரொம்பக் குறைவு. திப்பியைப் பாதியாக்கி, மாட்டுக்கு ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு கூட்டினதும் பத்து நாள்ல யூரியா 30ஐத் தாண்டுச்சு. சாணியும் இளகிருச்சு.

மடிநரம்பு:
ஒரு பண்ணையில் HF கலப்பு பத்துக்கும் கீட்டோன் (தீவனம் போதாமல் உடற்கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் ஏறுவது) சரி என்று வந்தது. ஆனால் இரண்டு மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடித்துக்கொண்டிருந்தன. ரத்தம் எடுத்த இடம் மடி நரம்பு. நல்ல தடிமன், கைக்கு எட்டும் இடம், ஆனால் பிஎச்பி என்ற அந்தக் கீட்டோனை மடி உறிஞ்சிய பிறகு திரும்பி வரும் ரத்தம் அது. வாலடி நரம்பில் எடுத்தபோது 1.7, 2.1.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். பிஎச்பி பார்க்க ஈன்று 5 முதல் 50 நாளுக்குள் இருக்கும் மாடுகளில் 12 எடுங்கள். அவ்வளவு இல்லையென்றால் இருப்பதையெல்லாம் எடுங்கள். ஒரு மாட்டை வைத்துத் தீவனத்தை மாற்றாதீர்கள். நேரம், காலைத் தீவனம் போட்டு 4–5 மணி கழித்து. 1.2 மில்லிமோல், அதற்கு மேல் என்றால் வெளியே தெரியாத கீட்டோசிஸ், அதாவது கீட்டோன் மிகும் நோய். மனிதர்களுக்கான கீட்டோன் மீட்டரே போதும், ஒரு சொட்டு ரத்தம். அதே மீட்டரின் சர்க்கரைப் பட்டையை மாட்டுக்கு நம்பாதீர்கள். சர்க்கரையை லேபில் பார்ப்பதென்றால் ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாய். வேறு குழாயில் வைத்தால் போய்ச்சேருவதற்குள் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். 12 மாட்டில் ஒன்றுக்கு மட்டும் பிஎச்பி கூடியிருந்தால் அந்த மாட்டுக்கு மட்டும் புரோப்பிலீன் கிளைக்கால், நாளைக்கு 300 மி.லி., 5 நாள் வாய்வழி, புரையேறாமல் நிதானமாக. இரண்டு மூன்று மாட்டுக்குக் கூடியிருந்தால் மருந்தோடு நிற்காமல், சினையின் கடைசி மாதத்தில் மாடு எவ்வளவு கொழுத்திருந்தது என்று பாருங்கள்.

கொங்குக்கறவை:
@மடிநரம்பு 4–5 மணி கணக்கு பிஎச்பிக்கு மட்டும். ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் கொழுப்பு அமிலம் பார்ப்பதென்றால் தீவனம் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், தின்றதும் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே வேளையில் எடுத்தால் ஒன்று பொய்தான்.

வைக்கோல்போர்:
வாலடியா கழுத்தா என்பது பாஸ்பரசுக்கும் முக்கியம். கழுத்து நரம்பில் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும், உமிழ்நீர்ச் சுரப்பி எடுத்துக்கொள்வதால்.

ஆனால் நான் பார்த்த ஒரு எருமையில் எண் தப்பானதற்குக் காரணம் வேறு. ஈன்று மூன்றாவது வாரம், கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம், கண் உள்இமை வெள்ளைத்துணி போல. ஆறு மாதமாக வெறும் வைக்கோல், ஒரு பிடி தவிடுகூட இல்லை. பாஸ்பரஸ் குறைந்து சிவப்பணு உடைகிற கேஸ் என்று பார்த்ததுமே தெரிகிறது. ரிப்போர்ட் 4.3, "பாஸ்பரஸ் சரி".

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மேலே தெளிந்த நீர் மஞ்சளாக இல்லை, மாதுளைச் சாறு. உடைந்த அணுக்களிலிருந்து கசிந்த பாஸ்பரசையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. பைக் பெட்டியில் குலுங்கிய குழாயிலும் இதே பொய் எண் வரும், மெக்னீசியமும் கூடவே ஏறும். மருத்துவர் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு சோடியம் அமில பாஸ்பேட்டை நரம்பில் ஏற்றினார். கொட்டகையில் இன்னும் இரண்டு சினை எருமை, அதே வைக்கோல். மறுநாள் அவற்றின் வாலடியில் எடுத்து, அரை மணி உறையவிட்டு, அங்கேயே சீரத்தை (மேலே தெளியும் நீரை) பிரித்து அனுப்பியது: 2.2, 2.6. இருக்க வேண்டியது 4க்கு மேல். அன்றே இரண்டுக்கும் தாது உப்பும் இரண்டு கிலோ தவிடும் தொடங்கியாயிற்று.