மறு: பாம்புகளில் ஆண், பெண் அளவு வேறுபாடு: சொல் தேவை

> 'பாலின வளர்ச்சி மாறுபாடு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். 'பாலினம்' சமூகப் பொருளில் நிலைத்துவிட்டது. உயிரியலுக்குப் 'பால்' போதும். 'பால்வழி' என்றால் விண்மீன் கூட்டம், 'பாலளவு' என்றால் கறவைக் கணக்கு. எனவே 'பால்சார்'.

அதைவிடப் பெரிய சிக்கல், வளர்ச்சியும் அளவும் ஒன்றல்ல. கூண்டில் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பை (ball python) பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆணும் பெண்ணும் ஏறத்தாழ 50–80 கிராம்தான். ஆண் 600–700 கிராமிலேயே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. பின்னர் இணைசேரும் பருவங்களில் வாரக்கணக்கில் இரை எடுக்காது, வளர்ச்சி மந்தமாகும். பெண்ணோ முட்டைக்காகக் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அதனால் 1,500 கிராமுக்கு முன் வளர்ப்பவர்கள் அதை இணைசேர்க்க விடுவதில்லை. உடல் பெருத்தால் முட்டையும் கூடும். ஒரே கோடாகப் போன வளர்ச்சி பருவமடையும்போது இரண்டாகக் கிளைக்கிறது. இந்நிகழ்வுக்குப் 'பால்சார் வளர்ச்சிக் கிளைப்பு'. முதிர்ந்தபின் காணும் விளைவுக்குப் 'பால்சார் அளவு வேறுபாடு'.

இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், குட்டியின் எடையைப் பார்த்தே ஆண், பெண் என்று சொல்லத் தொடங்குவார்கள். சிறியதாக இருப்பது, கூண்டின் வெப்பப் பக்கம் 31–32 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதால் செரிமானம் தளர்ந்த பெண்ணாகவும் இருக்கலாம். பால் அறிய, கழிவாயிலிருந்து வால்பக்கமாக மழுங்கிய சலாகையைச் செலுத்தி, அது எத்தனை செதில் ஆழம் போகிறது என்று எண்ண வேண்டும். பெண்ணில் 2–4 செதிலில் நின்றுவிடும், ஆணில் வெகு ஆழம் போகும். பழகாத கை இதில் இறங்கினால் உள்ளே கிழிந்துவிடும்.

> இரண்டும் ஏற்பு. எந்தப் பால் பெரியது என்று குறிக்க 'பெண்பெருமை', 'ஆண்பெருமை'?

'பெருமை' வேண்டாம், மேடைப்பேச்சாகப் படும். பெயரடையாக நிறுத்துவோம்: 'பெண்பெரு இனம்', 'ஆண்பெரு இனம்'. பந்து மலைப்பாம்பு, போவா, அனகோண்டா முதல் வகை. சாரை இரண்டாம் வகை: ஆண்கள் ஒன்றையொன்று பின்னி மல்லுக்கட்டுவதால் பெரிய உடலுக்கே ஆதாயம். சாரையும் நல்லபாம்பும் பிணைவதாக ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தச் சண்டையைத்தான். அங்கே இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண்.

இன்னொன்று. 'அளவு' என்று எழுதும்போது எந்த நீளம் என்பதும் சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆண்குறிகள் வாலுக்குள் இருப்பதால் ஆணுக்கு வால் நீளம். மொத்த நீளத்தை ஒப்பிட்டால் பெண்பெரு இனத்தில் வேறுபாடு குறைந்து தெரியும். ஆகவே 'மூக்கு–கழிவாய் நீளம்' என்பதையும் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.